வசனமே இல்லாத குறும்படம்: எங்கே தொடங்குவது?

வசனத்தை எடுத்துட்டா நடிகர்கள் சைகையில் பேசணும்னு நினைக்கிறீங்களா? சத்யஜித் ராய் 1964-ல் எடுத்த 'டூ' குறும்படத்தைப் பாருங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட படம் அது. வங்காளச் சிறுவர்களை இங்கிலீஷ் பேச வைப்பதற்குப் பதில், ராய் வசனத்தையே விட்டுவிட்டார்.

மாடி ஜன்னலில் பணக்காரப் பையன்; கீழே குடிசைப் பக்கம் ஏழைப் பையன். ஒருவன் குனிந்து பார்க்கிறான், மற்றவன் அண்ணாந்து. கேமராவும் அப்படியே. புல்லாங்குழல் ஊதினால் பதிலுக்குப் பொம்மை ட்ரம்பெட், பட்டம் விட்டால் ஏர்கன். சண்டை முழுக்கப் பொருட்களில்தான்.

ஸ்கிரிப்ட்டிலும் முதலில் இதை எழுதுங்க: யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன, அதன் சத்தம் என்ன. லென்ஸ், கலர் டோன் எல்லாம் அப்புறம். சவுண்டுக்கு மட்டும் பட்ஜெட்டைக் குறைக்காதீங்க. பொம்மைகளின் இரைச்சலைத் தாண்டி அந்தக் குழல் மறுபடி கேட்பதுதான் 'டூ'வின் க்ளைமாக்ஸ்.