மரத்தைக் கொல்லாமல் எடுத்த பலகை: ஹைடா மக்களின் வீட்டு வரலாறு

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலில், ஹைடா குவாய் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. பிரித்தானியர் இட்ட குவீன் சார்லட் என்னும் பெயரை நெடுங்காலம் சுமந்திருந்த இத்தீவுகள், 2010இல் தம் மக்கள் வழங்கும் பெயரை மீளப்பெற்றன. அங்கு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஹைடா மக்களின் வரலாற்றை, அவர்களது வீடுகளைக் கொண்டே கூறலாம். வீடிழந்த ஓர் இனம், மீண்டும் வீடெழுப்புவதற்கு எவற்றையெல்லாம் மீட்கவேண்டியிருந்தது என்பதை அவ்வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.

ஹைடாக்களின் பழைய இல்லம் ஒரு தனிக் குடும்பத்தின் உறைவிடமன்று. பெரிய இல்லமொன்றில், தாய்வழி உறவால் பிணைந்த பல குடும்பங்கள், முப்பது நாற்பது பேராக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன. நடுவே பொது அடுப்பு. அதற்கு மேலே கூரையில் புகைபோக்கி. சுற்றிலும் குடும்பங்களுக்கான இடங்கள். முகப்பில் நின்ற செதுக்குக் கம்பம், அவ்வீட்டாரின் குலச் சின்னங்களை வருவோர்க்கு அறிவித்தது. வீடுகளுக்குப் பெயர்களும் உண்டு. ஸ்காங் குவாய் என்னும் ஊரில் நின்ற இல்லங்களுள் ஒன்றின் பெயர் ‘மக்கள் சென்றிருக்க விரும்பும் வீடு’ என்பதாகும்.

இவ்வீடுகள் செங்கேதுரு மரத்தால் ஆனவை. நேரான இழைகொண்ட இம்மரம் ஆப்பு வைத்தால் எளிதிற் பிளக்கும். இதிலுள்ள இயற்கை எண்ணெய் மழையிலும் ஈரத்திலும் உளுத்துப்போகாமல் காக்கும். தூணுக்கும் உத்திரத்துக்கும் மரத்தை வீழ்த்தியே ஆகவேண்டும். பலகைக்கோ வேறொரு வழி இருந்தது. நின்ற மரத்தின் ஒரு பக்கத்தில் மேலும் கீழும் வெட்டி, இடையே ஆப்புகளை இறக்கி, பலகையை மட்டும் பிளந்தெடுத்தனர். மரம் காயத்தை ஆற்றிக்கொண்டு தொடர்ந்து வளர்ந்தது. உள்ளே வைரம் பாய்ந்துள்ளதா என்று பார்க்க, அடிமரத்தில் சிறு குழி வெட்டிச் சோதிப்பதும் வழக்கம். சோதனையில் தேறாத மரத்தை அப்படியே விட்டுச் சென்றனர். இத்தகைய தழும்புகளைத் தாங்கிய மரங்கள் இன்றும் அக்காடுகளில் நிற்கின்றன.

பல கைகள் கூடாமல் இவ்வளவு பெரிய இல்லம் எழாது. வீடு முடிந்ததும் வீட்டார் பெருவிருந்து வைத்து, உழைத்தோர்க்கும் சாட்சியாக வந்தோர்க்கும் கொடை வழங்கினர். பொட்லாட்ச் எனப்படும் இவ்விருந்திலேயே பட்டமும் உரிமையும் ஊரறிய உறுதியாயின. எழுத்து ஆவணம் இல்லாத அம்மக்களுக்கு, கூடியிருந்தோரின் நினைவே உறுதிப்பத்திரம்.

1862இல் பேரழிவு வந்தது. விக்டோரியா நகரில் பெரியம்மை பரவியபோது, நகரருகே தங்கியிருந்த பூர்வகுடி மக்களை அதிகாரிகள் விரட்டினர். அவர்களோடு நோயும் வடக்கே சென்றது. பல்லாயிரமாக இருந்த ஹைடாக்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் குறைவாயினர். எஞ்சியோர் தத்தம் ஊர்களைக் கைவிட்டு, ஸ்கிடகேட், மாசெட் என்னும் இரு ஊர்களில் ஒதுங்கினர். சொந்தத் தீவுகளுக்குள்ளேயே அவர்கள் இடம்பெயர்ந்தோராயினர். மதபோதகர்கள் தனிக்குடும்ப வீடுகளை வற்புறுத்தினர். கனடிய அரசு 1884இல் இயற்றி, 1885இல் நடைமுறைப்படுத்திய சட்டம் பொட்லாட்ச் விருந்தைக் குற்றமாக்கியது. கூடி உழைத்தவர்க்கு ஊரறியக் கொடை வழங்குவது குற்றமானபின், பழைய முறையில் வீடெழுப்புவது எங்ஙனம்? 1951இலேயே அத்தடை சட்டத்திலிருந்து நீங்கியது.

மீட்சி மெல்லவே வந்தது. 1958 தொடங்கிச் சில ஆண்டுகளில், பில் ரீட் என்னும் ஹைடா கலைஞர், டக் கிரான்மர் என்பாருடன் இணைந்து, வன்கூவர் பல்கலைக்கழக வளவில் ஹைடா இல்லங்களையும் கம்பங்களையும் அமைத்தார். 1969இல் ரொபேட் டேவிட்சன் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர், மாசெட்டில் ஒரு கம்பத்தைச் செதுக்கி நாட்டினார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக அங்கு கம்பம் எதுவும் எழுந்திருக்கவில்லை. மறந்துபோன சடங்குகளை, முதியோர் கூடிப் பேசி நினைவுகூர்ந்தனர்.

ஆயினும், கலை மீண்டாலும் காடு இல்லையேல் வீடு ஏது? பெரும் இல்லத்துக்குரிய கேதுரு வளர நூற்றாண்டுகள் வேண்டும்; மரக் கம்பனிகளோ அவற்றை முழுமுழுக் காடுகளாக வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தன. 1985இல் லயல் தீவில் ஹைடாக்கள் வெட்டுப் பாதையை மறித்து நின்றனர். முதியோர் முன்வந்து கைதாயினர். மொத்தம் 72 பேர் கைதுசெய்யப்பட்டனர். 1993இல், நிலம் யாருடையது என்பதில் இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டை விட்டுக்கொடுக்காமலே, குவாய் ஹானாஸ் பகுதியைக் கூட்டாகப் பராமரிக்க கனடிய அரசும் ஹைடாக்களும் உடன்பட்டனர். 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு, ஹைடா குவாய் நிலம் முழுவதற்கும் அம்மக்களின் பூர்வீக உரித்தை ஏற்றது.

கைவிடப்பட்ட ஸ்காங் குவாய் 1981இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வீட்டு உத்திரங்கள் பாசி படர்ந்து மண்ணோடு மண்ணாகின்றன. கோடைகாலங்களில் ஹைடாக் காவலர் அவ்வூரைக் காத்து நிற்கின்றனர்.

அகதிகளாய் உலகெங்கும் சிதறியுள்ள எம்மவருள் பெருந்தொகையினர் இன்று கனடாவில் வாழ்கின்றனர். அந்நாட்டின் மூத்த குடிகளுள் ஒன்றான ஹைடாக்களின் கதை எமக்கு அந்நியமானதன்று. மரமும், செய்நுட்பம் அறிந்த கையும், கூடிச் செய்யும் உரிமையும் ஒன்றுசேர்ந்தபோதே அவர்களது வீடு எழுந்தது. அவற்றுள் செய்நுட்பத்தைக் காத்தவர்கள், சட்டம் தடுத்த காலத்திலும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டேயிருந்த முதியவர்கள் ஆவர்.