கோப்பும் அரட்டை இழையும்: காட்டுமன்னார்கோயிலில் நின்று ஓர் ஒப்பாய்வு

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் வேலை பார்க்கும் எந்த அலுவலரின் கைப்பேசியும் ஓய்வதில்லை. வீராணம் ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு என்று ஒருவர் போடுவார். கீழணையிலிருந்து வடவாற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியாக எவ்வளவு வெளியேறுகிறது என்று அடுத்தடுத்து வரும். நடுவே பள்ளிக்கூட முகாமுக்கு அரிசி கேட்கும் ஒரு செய்தி, சாய்ந்த மின்கம்பத்தின் படம், மூழ்கிய நாற்றின் படம், யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு இருபது கும்பிடு. எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில், வந்த வரிசையில், ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கும். அரிசி கேட்டவருக்குப் பதில் கிடைத்ததா என்று அரை மணி கழித்துத் தேடினால் விரல்தான் வலிக்கும்.

இங்கே ஒரு செய்தி தவறுவது சின்ன விஷயமில்லை. 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் காலத்தில் வெட்டியதாகச் சொல்லப்படும் இந்த ஏரியின் முழு மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. ஏறத்தாழ 45,000 ஏக்கர் இதை நம்பி விளைகிறது. 2004 முதல் சென்னையின் குடிதண்ணீரும் இங்கிருந்து குழாயில் போகிறது. 2015 நவம்பர் வெள்ளத்தில் இந்தக் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, எந்தச் செய்தி எந்த நேரத்தில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதன் எடை தெரியும்.

பேச்சு இப்படிக் குழம்புவதற்கு அரட்டைச் செயலிகளை உருவாக்கியவர்கள் கண்டுபிடித்த மருந்து ‘திரெட்’. இழை என்று எழுதுவோம். ஒரு செய்திக்கான பதில்களெல்லாம் அந்தச் செய்தியின் பின்னாலேயே சேரும், பொதுவெளியில் கொட்டாது. ஸ்லாக் 2017 ஜனவரியில் இதைக் கொண்டுவந்தது. நம் ஊர் நிறுவனமான ஸோகோவின் கிளிக்கிலும் இழைகள் உண்டு. அதே சிக்கலுக்கு இதைவிடப் பழைய மருந்து ஒன்று தாலுகா அலுவலக அலமாரியில் துணிக்கட்டுக்குள் இருக்கிறது: கோப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது எதனிடம் கற்க வேண்டும் என்பது துலங்குகிறது. நான் பெரும்பாலும் கோப்பின் பக்கம் நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சென்னை மாகாணக் காலத்தில், டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறை வருவாய்த் துறையில் வேரூன்றியது. இன்றைய தாலுகா அலுவலகக் கோப்பு அதன் பிள்ளை. பட்டா மாறுதல் கேட்டு ஓர் அம்மா மனு கொடுக்கிறார் என்று வையுங்கள். மனு தபாலில் பதிவாகி, எந்தப் பிரிவு எழுத்தருடையது என்று பிரிக்கப்பட்டு, அவர் மேசைக்குப் போகும். அவர் தம்முடைய ‘தன் பதிவேட்டில்’ ஏற்றி ஒரு ந.க. (நடப்புக் கணக்கு) எண் கொடுப்பார், எண்ணோடு ஆண்டும் பிரிவின் எழுத்தும் ஒட்டிக்கொண்டே வரும். அன்று முதல் அந்த விஷயத்தில் வருகிற ஒவ்வொரு தாளும், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரை, எதிர்த்தரப்பின் ஆட்சேபணை எல்லாம், அந்த ஓர் எண்ணின் கீழ்தான் சேரும். வந்த கடிதங்களும் போன கடிதங்களும் ஒரு பகுதி. அவற்றைப் படித்து எழுத்தர் எழுதுகிற குறிப்பும், அதன் மேல் துணை வட்டாட்சியரும் தாசில்தாரும் எழுதுகிற கருத்தும் இன்னொரு பகுதி. குறிப்பின் பத்திகளுக்கும் எண், தாள்களுக்கும் எண். ‘பக்கம் 17இல் உள்ள அறிக்கையின்படி’ என்று எழுதினால் பத்து வருடம் கழித்து வருகிறவரும் பக்கம் 17ஐப் புரட்டிப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது தன் பதிவேட்டைத்தான். ஒவ்வொரு எழுத்தரும் தம் கையில் எத்தனை விஷயம் நிலுவையில் இருக்கிறது, எது எந்தத் தேதியில் யாரிடம் போனது, எதற்கு நினைவூட்டல் போக வேண்டும் என்பதை அதில் காட்டியாக வேண்டும். மேலதிகாரி அதைக் குறித்த இடைவெளியில் வாங்கிப் பார்ப்பார். ஆகவே, கோப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர் எப்போதும் உண்டு. அந்த அம்மா வந்து, “என் மனு எங்க நிக்குது சார்?” என்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மேசை இருக்கிறது.

அரட்டை இழைக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் இருப்பதை இழை என்றே சொல்ல முடியாது. ஒரு செய்தியை அழுத்திப் பதில் எழுதினால் பழைய செய்தியின் துண்டு மேலே தெரியும். ஆனால் அந்தப் பதிலும் மற்ற எல்லாவற்றோடும் கீழே போய்த்தான் விழுகிறது. ஒரு விஷயத்தின் பதில்கள் ஓரிடத்தில் குவிவதில்லை. ஸ்லாக்கிலும் கிளிக்கிலும் குவிகின்றன. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அங்கே இழைக்குத் தாய் ஒரு செய்திதான். அந்தத் தாய்ச் செய்தி, ‘சார், இதைப் பாருங்க’ என்று இருந்தால் அதன் கீழ் நாற்பது பதில் சேர்ந்தாலும் இழையின் பெயர் ‘சார், இதைப் பாருங்க’தான். எழுதும்போதே விஷயத்தின் பெயரை முதல் வரியில் வைக்கும் பழக்கம் இல்லாத குழுவில், இழை இருந்தும் தேடல் குறைவதில்லை.

ஸுலிப் என்ற செயலி இதில் கோப்புக்கு மிக நெருங்கி வந்திருக்கிறது. அதன் மூல நிரலை 2015இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதன் வடிவமே ஒவ்வொரு செய்தியையும் ஒரு தலைப்பின் கீழ் வைப்பதுதான். பேச்சு தடம் மாறினால் மாறிய இடத்திலிருந்து வெட்டி வேறு தலைப்புக்கு நகர்த்தலாம், தலைப்பைத் திருத்தலாம், முடிந்ததும் ‘தீர்ந்தது’ என்று குறியிடலாம். ஒரு மனுவில் இரண்டு கோரிக்கை இருந்தால் இரண்டாவதற்குத் தனிக் கோப்பு போடுகிற பழைய எழுத்தருக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

எதை வைத்துப் பிரிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த மண்ணுக்கு அதில் அனுபவம் உண்டு. சிதறிக் கிடந்த ஆழ்வார் பாசுரங்களை நாலாயிரமாகத் தொகுத்த நாதமுனிகள் பிறந்தது காட்டுமன்னார்கோயிலில். திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் திருநாரையூர் அருகில்தான் இருக்கிறது. தேவாரப் பதிகங்களைப் பெரும்பாலும் பண்ணையும் யாப்பையும் பார்த்து அடுக்கியது ஒரு மரபு. அதே பதிகங்களை ஊர்வாரியாக, தலமுறையாக அடுக்கியது இன்னொரு மரபு. பாடுகிற ஓதுவாருக்கு முதலாவது வசதி, கோயில் கோயிலாகப் போகிறவருக்கு இரண்டாவது. வெள்ள நாளிலும் இதே இரண்டு வழிதான். கிராமத்துக்கு ஓர் இழை என்று பிரித்தால் கிராம நிர்வாக அலுவலருக்கு எளிது. முகாம், மின்சாரம், கரை உடைப்பு என்று வேலைவாரியாகப் பிரித்தால் முடிவெடுக்கிற தாசில்தாருக்கு எளிது. வெள்ளத்தின்போது வேலைவாரிப் பிரிப்பே சரி என்பது என் கருத்து. அரிசி எங்கெல்லாம் தேவை என்பதை ஒரே பார்வையில் கண்டால்தான் வண்டி எந்தப் பக்கம் முதலில் போவது என்று சொல்ல முடியும். தண்ணீர் வடிந்து கணக்கெடுப்பு தொடங்கியதும் கிராமவாரிக்கு மாறிவிடலாம்.

கோப்பின் குறையை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அது ஒரு நேரத்தில் ஒரு மேசையில்தான் இருக்கும். தாசில்தார் முகாமுக்குப் போயிருந்தால் கோப்பும் காத்திருக்கும். ஒரு கையெழுத்துக்காக வாரக்கணக்கில் கிடந்த கோப்பால் எத்தனை குடும்பங்கள் பேருந்துக்குக் காசு செலவழித்து நடையாய் நடந்திருக்கின்றன! மதகைத் திறக்கும் முடிவைக் கோப்பு போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் கரை காத்திருக்காது. வாட்ஸ்அப் குழு இந்த ஒரு விஷயத்தில் உண்மையிலேயே பெரிய காரியம் செய்திருக்கிறது: கரையில் நிற்கும் பாசன ஊழியரான லஸ்கர் எடுத்த படம் ஒரு நிமிடத்தில் மாவட்ட ஆட்சியர் கண்ணில் படுகிறது. இப்போது பல அலுவலகங்களில் மின் அலுவலகம் வந்து, கோப்பு திரையில் நகர்கிறது. ஆனாலும் மேசை மேசையாகச் செல்லும் அதன் இயல்பு மாறவில்லை.

இழைக்கும் ஓர் ஆபத்து உண்டு. மழை நாளில் அது சாதாரணமானதில்லை. இழைக்குள் நடக்கும் பேச்சு அதில் கலந்துகொண்டவர்களுக்கும் அதைப் பின்தொடர்கிறவர்களுக்கும்தான் அறிவிப்பாகப் போகும். ‘இன்றிரவு கூடுதலாகத் திறக்கிறோம்’ என்ற முடிவு நாற்பதாவது பதிலாக இழைக்குள் கிடந்தால், கீழ்ப்பகுதிக் கிராமத்து அலுவலருக்கு அது தெரியவே தெரியாது. ஸ்லாக்கில் இழைப் பதிலைப் பொதுவெளிக்கும் சேர்த்து அனுப்ப ஒரு கட்டம் உண்டு. விவாதம் இழைக்குள், முடிவு பொதுவெளியில் என்ற ஒழுங்கைக் குழுவில் எல்லாரும் கைக்கொள்ளாவிட்டால் இழையே செய்தியைப் புதைத்துவிடும். பத்திரமாக ஒழுங்குபடுத்திய குழுவில் முக்கியமான உத்தரவு கண்ணில் படாமல் போவதைவிட, குழம்பிய குழுவில் கண்ணில் பட்டுவிடுவது மேல்.

முடித்து வைப்பதில்தான் இரண்டுக்கும் இடைவெளி அதிகம். முடிந்த கோப்பை எழுத்தர் அப்படியே விட்டுவிட முடியாது. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்று வகைப்படுத்தி ஆவண அறைக்கு அனுப்ப வேண்டும். அதாவது, இந்த விஷயம் யாருக்கு எவ்வளவு காலம் தேவைப்படும் என்று ஒரு மனிதர் யோசித்துத் தீர்மானிக்கிறார். அரட்டையில் அந்தத் தீர்மானத்தைச் செயலியின் கட்டணத் திட்டம் எடுக்கிறது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில், காப்பு நகல் எடுக்காத கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலோ அதிகாரி மாற்றலாகிக் குழுவிலிருந்து வெளியேறினாலோ அவரிடம் இருந்த வரலாறும் அவரோடு போகிறது. புதிதாக வரும் தாசில்தாருக்குப் பழைய கோப்பு கிடைக்கும். பழைய பேச்சு முழுதாகக் கிடைக்காது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குறிப்புப் பகுதியையும் குடிமக்கள் கேட்டு வாங்கலாம். ‘குரூப்ல பேசி முடிவு பண்ணிட்டோம்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு அந்த அம்மா எங்கே போய் மேல்முறையீடு செய்வார்?

ஆகவே அரட்டைக் குழுவைக் கலைக்கச் சொல்லவில்லை. கோப்பின் மூன்று பழக்கங்களை அதற்குக் கற்றுக்கொடுக்கலாம் என்கிறேன். விஷயத்தைத் தொடங்கும் செய்தியின் முதல் வரியில் விஷயத்தின் பெயரும், கோப்பு ஏற்கெனவே இருந்தால் ந.க. எண்ணும் இருக்கட்டும். இழைக்கு ஒரு பொறுப்பாளர் பெயர் அதே செய்தியில் இருக்கட்டும். முடிந்ததும் அவரே ‘முடிந்தது, முடிவு இன்னது’ என்று எழுதி, அந்த வரியையும் தேவையான படத்தையும் கோப்பில் சேர்க்கட்டும். இழை வசதி இல்லாத வாட்ஸ்அப்பிலேயே இவ்வளவும் செய்யலாம். புதுச் செயலி வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கானவர் உள்ள பெரிய குழுவை முகாம், கரை, பயிர் என்று நான்கைந்தாக உடைப்பதும், அறிவிப்புக்கு மட்டும் தனிக்குழு வைப்பதும் இன்று மாலையே செய்யக்கூடியவை.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது பயிர்ச்சேதம்தான். பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் பாதித்திருந்தால்தான் விவசாயிக்கு இடுபொருள் நிவாரணம். வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வயலுக்கு வருவதற்குள் தண்ணீர் வடிந்து, அழுகிய பயிர் மண்ணோடு படிந்திருக்கும். மூழ்கிய முதல் நாள் கிராம உதவியாளர் எடுத்துப் போட்ட படம் குழுவில் எங்கோ இருக்கிறது. அதற்குக் கீழே பல நூறு செய்திகள் வந்து விழுந்துவிட்டன. அந்தப் படத்தைச் சர்வே எண்ணோடும் தேதியோடும் எடுத்து, கிராமத்துச் சேதக் கணக்கு நடக்கும் கோப்பில் அன்றைக்கே சேர்க்க ஓர் எழுத்தரை நியமிப்பதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை; அடுத்த மழைக்கு முன் தாசில்தார் கூட்டும் ஆயத்தக் கூட்டத்தில் ஒரு பெயரைச் சொன்னால் போதும்.