கார் ஓவர்ஹீட் ஆகுதா? தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

கத்திரி வெயில் நேரத்தில், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. காரின் கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு. அதிலுள்ள கூலண்ட் அடிக்கடி குறைகிறது என்றால், எங்கோ வழிந்து போகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒரு ஹோஸ் மாற்றுவதோடு முடிய வேண்டிய செலவு இன்ஜின் வேலை வரை போய்விடும்.

சூட்டோடு மூடியைத் திறக்காதீங்க

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஆனால் ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், 110 டிகிரியிலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியே அழுத்தம் விடுபட்டு, கொதிநீரும் ஆவியும் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். துணி சுற்றித் திறந்தாலும் இதேதான். இன்ஜினை அணைத்து அரை மணி நேரமாவது விடுங்கள். மேல் ஹோஸ் சூடு ஆறி, அமுக்கினால் விறைப்பில்லாமல் இருந்தால் மட்டும் மூடியில் கை வையுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

ஓடும்போதே முள் ஏறினால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வைத்து ஓரங்கட்டுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுத்துவிடும். பானட்டிலிருந்து ஆவி வந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். நிறைய புது கார்களில் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் ஏற்கெனவே லேட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போ சூடாகுது?

மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான். பாதி பதில் இதிலேயே கிடைத்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல். வேகமாகப் போகும்போது காற்று தானாக ரேடியேட்டரில் படும், நின்றால் ஃபேன்தான் கதி. இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலுள்ள படத்தைப் பார்த்து ஃபேன் ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். கருகியிருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். அதுவும் உடனே போனால் வயரிங்கிலோ மோட்டாரிலோ கோளாறு, அது எலக்ட்ரீஷியன் வேலை. ஒரு எச்சரிக்கை: இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம். விரலை உள்ளே விடாதீர்கள்.

ஏற்காடு, கொல்லிமலை மாதிரி ஏற்றத்தில் மட்டும் சூடானால், கூலண்ட் குறைவு அல்லது ரேடியேட்டர் அடைப்பு. முன்பக்கம் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால், வண்டி ஆறிய பிறகு சாதாரண ஹோஸ் பைப்பில் மெதுவாகக் கழுவலாம். பிரஷர் வாஷர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறுகிறது, மேல் ஹோஸ் சுடுகிறது, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. ‘அதைக் கழற்றி எறிந்துவிடுங்க சார், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?’ என்று சில ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள். கேட்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகி, மைலேஜ் அடிவாங்கும்.

கீழே சொட்டுவது எது?

ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து, காலையில் பாருங்கள். நிறமும் மணமும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்தது, கவலை வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறமாக, பிசுபிசுப்பாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலண்ட். உடனே கழுவிவிடுங்கள். இது விஷம், இனிப்புக்கு நாய், பூனை நக்கிவிடும். ஹோஸ் இணைப்பில் கசிந்தால் கிளாம்பை இறுக்கினாலே போதும். ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள்தூள் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். இன்றைய மெல்லிய குழாய்களில் அது ஓட்டையோடு வழியையும் சேர்த்து அடைத்துவிடும்.

என்ன ஊத்தணும்?

பாடப்புத்தகத் தமிழில் கூலண்ட் என்றால் ‘குளிர்விப்பான்’. ஸ்பேர்ஸ் கடையில் அப்படிக் கேட்டால் ஃபிரிட்ஜ் கடைக்கு வழி சொல்வார்கள்! நிறத்தை வைத்து வாங்காதீர்கள், வண்டியின் மேனுவலில் உள்ள வகையைப் பாருங்கள். ரெடிமிக்ஸ் இல்லையென்றால், பொதுவாகச் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து அடைக்கும். நிரப்பிய பிறகு உள்ளே காற்று தங்கியிருக்கலாம் என்பதால், மறுநாள் காலை அளவை இன்னொரு முறை பாருங்கள்.

வெளியே சொட்டே இல்லை, ஆனாலும் கூலண்ட் குறைகிறதா? ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலோ, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இது வீட்டில் பார்க்கிற வேலை இல்லை. ‘ஒர்க்ஷாப் வரைக்கும்தானே’ என்று ஓட்டிப் போகாமல், டோயிங் வண்டியை வரச் சொல்லுங்கள்.