வர்ணம் பூசாத ரயில்வண்டி

எவர்சில்வர் என்று நாம் வழங்கும் உலோகத்துக்கு நம் வீடுகளில் அறிமுகம் தேவையில்லை. அது துருப்பிடிப்பதில்லை, பித்தளைப் பாத்திரத்தைப் போல் ஈயம் பூசவும் வேண்டியதில்லை. அவ்வுலோகத்தைக் கொண்டே மின்சார ரயில்வண்டி ஒன்றை முழுமையாக அமைத்த வரலாறு ஜப்பானுக்கு உண்டு. வெளி மாநில நகரங்களில் நாள்தோறும் மின்சார வண்டியில் வேலைக்குச் சென்று திரும்பும் நம்மவர்க்கு அது சுவை பயப்பதாகும்.

டோக்கியோவின் ஷிபுயா நிலையத்தையும் யோகோஹாமா நகரையும் இணைக்கும் டோயோகோ பாதை, டோக்கியூ என்னும் தனியார் கம்பெனிக்கு உரியது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான் தோல்வியுற்ற சில ஆண்டுகளில், அதாவது 1948-இல், யோகோஹாமாவில் முன்பு கடற்படையின் தொழிற்சாலை இருந்த இடத்தில் இக்கம்பெனியின் ரயில்பெட்டித் தொழிற்சாலை தோன்றியது. படைக்கலத்துக்காக எழுந்த கூடங்களில் மக்கள் ஏறிச் செல்லும் வண்டிகள் உருவாகத் தொடங்கின.

அக்காலத்துப் பெட்டிகள் சாதாரண எஃகினால் ஆனவை. மழையும் ஈரக்காற்றும் எஃகை அரிக்கும். ஆகவே தகடு தடிமனாக இருத்தல் வேண்டும்; குறித்த காலந்தோறும் வர்ணமும் பூச வேண்டும். வண்டியின் எடை கூடக்கூட மின்சாரச் செலவும் கூடும். எவர்சில்வரின் விலை அதிகமே. ஆயினும் பராமரிப்பில் மிச்சமாவதைக் கணக்கிட்டால் முடிவில் எது சிக்கனம்? இதுவே டோக்கியூ பொறியாளர் முன் நின்ற வினா.

1958-இல் அவர்கள் முதற்படி ஏறினர். '5200' என்ற வரிசையில் வெளித்தகடு மட்டும் எவர்சில்வராயிற்று. உட்சட்டமோ பழைய எஃகே. ஆனால் மேனி துருவேறாதிருந்தாலும் எலும்பு துருவேறுமன்றோ! சட்டத்தையும் எவர்சில்வரால் அமைப்பது எளிதன்று. பற்றவைக்கும்போது இவ்வுலோகம் சாதாரண எஃகைக் காட்டிலும் மிகுதியாக விரியும். வெப்பத்தை விரைவில் கடத்தாது. அதனால் தகடு நெளிந்துவிடும். இதற்கு வழி கண்டிருந்தது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து பட் கம்பெனி. 1934-இலேயே எவர்சில்வர் ரயில் ஒன்றை ஓடவிட்ட நிறுவனம் அது. கணநேரம் மட்டும் மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது அதன் முறை.

டோக்கியூவின் தொழிற்சாலை அந்நிறுவனத்திடம் உரிமம் பெற்று அவ்வித்தையைக் கற்றது. 1962-இல் வெளிவந்த '7000' வரிசையே ஜப்பானின் முதல் முழு எவர்சில்வர் மின்சார வண்டி. அதன் பக்கங்களில் வரிவரியாக ஓடும் மடிப்புக்கள் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. தகட்டுக்கு உறுதி தந்து, சிறு நெளிவுகளையும் அவை மறைத்தன. 1966 வரை 134 பெட்டிகள் கட்டப்பெற்றன. 1964 ஆகஸ்டு முதல் இவ்வண்டிகள் டோக்கியோவின் ஹிபியா சுரங்கப் பாதையினுள்ளும் நேரே சென்றன. புறநகரில் ஏறியவர் வண்டி மாறாமல் நகரின் நடுவிலேயே இறங்கலாயிற்று.

கற்றவர்கள் கற்றதோடு நின்றுவிடவில்லை. கணிப்பொறியின் துணைகொண்டு பெட்டியின் ஒவ்வொரு பகுதியும் தாங்கும் பளுவை ஆராய்ந்து, 1978-இல் மேலும் இலேசான எவர்சில்வர் பெட்டியைச் சொந்த முயற்சியால் உருவாக்கினர். 1985-இல் ஜப்பானிய அரசாங்க ரயில்வே '205' வரிசைக்கு எவர்சில்வரைத் தேர்ந்தபோது, டோக்கியூவின் தொழிற்சாலை தன் நுட்பத்தை ஏனைய தொழிற்சாலைகளுக்கும் அளிக்க நேர்ந்தது. தனக்கே உரிய லாபம் குறையக்கூடும். எனினும் அந்நுட்பம் நாடு முழுவதும் பரவியது.

'7000' வண்டிகளின் கதையும் டோக்கியோவோடு முடியவில்லை. சிலவற்றுக்குப் புதிய மின்பொறிகள் பொருத்தப்பெற்றன. அவை 2018 வரை டோக்கியூ பாதையிலேயே ஓடின. வேறு சில, வடக்கே அவோமோரி மாவட்டத்தின் கோனான் ரயில்வே, ஒசாகாப் பகுதியின் மிசுமா ரயில்வே போன்ற சிறு கம்பெனிகளிடம் சென்று, புது வண்டி வாங்க வசதியற்ற ஊர்களுக்கு உழைத்தன. 2012-இல் ஜப்பானிய இயந்திரப் பொறியாளர் சங்கம் '5200', '7000' வரிசைகளை இயந்திரப் பாரம்பரியச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

விலை மிகுந்தது என்று முதலில் ஐயுறப்பட்ட உலோகம் அரை நூற்றாண்டுக்கு மேலும் உழைத்தது. ஒரு பொருளின் விலையை வாங்கும் நாளில் மட்டும் கணக்கிடலாகாது; அது உழைக்கும் நாள் முழுவதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பிறரிடம் கற்பதும் ஒரு நாட்டுக்கு இழுக்கன்று. கற்றதை வளர்த்துப் பகிர்ந்துகொண்டால் அதுவே பெருமையாகும். ஜப்பானின் இந்த வர்ணம் பூசாத வண்டி நமக்கு உணர்த்துவது இவ்விரண்டையுமே.