ஏழு கன்னியர் மலையில் மோதிய நெதர்லாந்து விமானம்

நோர்ட்டன்பிரிட்ஜுக்குப் போனவர்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் பெரிய டயரைப் பார்த்திருப்பார்கள். அது விமான டயர். மஸ்கெலியாப் பக்கத்து லயங்களில் நாங்கள் வளர்ந்த காலத்தில் ஒருவரின் வயதைச் சொல்லவும் அந்த விமானம் உதவியது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். “பிளேன் விழுந்தப்ப இவன் கைக்குழந்த” என்றால் கணக்குச் சரியாகிவிடும். யாருடைய பிளேன், அது ஏன் எங்கள் மலைக்கு வந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பின்னாளில் நானாகத் தேடி அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

1974 டிசம்பர் 4, புதன்கிழமை இரவு 10.15 மணியளவில், மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன்பிரிட்ஜுக்கும் இடையே நிற்கும் ஏழு கன்னியர் மலைத்தொடரில் ஒரு டிசி-8 விமானம் மோதியது. சிங்களத்தில் அந்த மலைக்கு சப்த கன்யா என்று பெயர். விமானத்தில் இருந்த 191 பேரும் இறந்தனர். அவர்களில் 182 பேர் பயணிகள், 9 பேர் பணியாளர்கள். இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இன்றுவரை அதிக உயிர்களைப் பறித்தது அதுதான். பயணிகள் கிழக்கு ஜாவாவைச் சேர்ந்த முஸ்லிம்கள். சுரபாயாவில் ஏறி, ஹஜ் கடமைக்காக ஜித்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இடையில் எரிபொருள் நிரப்புவதற்காகவே விமானம் கட்டுநாயக்கவுக்கு வந்தது.

விமானத்தின் சொந்தக்காரர் மார்ட்டின்எயார் என்ற நெதர்லாந்து நிறுவனம். இந்தோனேசிய யாத்திரிகர்களுக்கும் ஐரோப்பிய விமானத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு விடை, உல்லாசப் பயண விமான நிறுவனங்கள் பிழைப்பு நடத்தும் முறையில் இருக்கிறது.

மார்ட்டின் ஷ்ரோடர் என்பவர் 1958 மே மாதம் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் ஒரே ஒரு சிறிய விமானத்துடன் தொடங்கிய தொழில் அது. முதலில் அதன் பெயர் மார்ட்டின்ஸ் எயார் சார்ட்டர். ஆட்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவது போன்ற சில்லறை வேலைகளே ஆரம்பத்தில் கிடைத்தன. 1960களில் வட ஐரோப்பியத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறையும் கையில் கொஞ்சம் காசும் இருந்தன. ஸ்பெயின், போர்த்துக்கல் கடற்கரைகளுக்கு விமானம், ஹோட்டல் எல்லாவற்றையும் ஒரே விலையில் விற்கும் முகவர்கள் பெருகினார்கள். மார்ட்டின்எயார் அந்தச் சந்தையில் வளர்ந்தது.

வழக்கமான விமான சேவை நேர அட்டவணைப்படி பறக்கும். ஆள் குறைந்தாலும் கிளம்பியாக வேண்டும். உல்லாசப் பயண விமானம் அப்படியல்ல. முழு விமானத்தையும் ஒரு முகவர் மொத்தமாக வாடகைக்கு எடுப்பார். இருக்கைகளை நெருக்கிப் போட்டு, எல்லாவற்றையும் நிரப்பிப் பறந்தால்தான் மலிவு விலை கட்டுப்படியாகும். எங்கள் ஊரில் கோயில் யாத்திரைக்கு பஸ் பிடிப்பதைப் போன்ற ஏற்பாடு. ஆனால் கோடை முடிந்ததும் ஐரோப்பியர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். பல கோடி விலையுள்ள விமானமும் சம்பளம் கொடுக்க வேண்டிய விமானிகளும் குளிர்காலத்தில் சும்மா இருந்தால் நட்டம். அதனால் மார்ட்டின்எயார் சரக்கும் ஏற்றியது, உயிருள்ள கால்நடைகளையும் ஏற்றியது. எங்கள் மலையில் மோதிய விமானமும் பயணிகளையோ சரக்கையோ தேவைக்கேற்ப ஏற்றக்கூடிய வகையைச் சேர்ந்ததுதான்.

1974இல் ஹஜ் டிசம்பர் கடைசியில் வந்தது. ஐரோப்பாவில் விமானங்கள் ஓய்ந்திருக்கும் மாதம் அது. உலகிலேயே மிக அதிகமாக முஸ்லிம்கள் வாழும் நாட்டின் கருடா நிறுவனத்திடமோ அத்தனை யாத்திரிகர்களைச் சில வாரங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப் போதுமான விமானங்கள் இல்லை. எனவே விமானிகள், பராமரிப்பு எல்லாம் சேர்த்து விமானத்தை வாடகைக்கு எடுத்தார்கள். டிக்கெட் கருடாவுடையது, பறப்பது மார்ட்டின்எயார். இந்த ஏற்பாடு இன்றும் உலகமெங்கும் நடக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனாலும் கிராமத்தில் நிலத்தை விற்று, வருடக்கணக்காகக் காசு சேர்த்து ஹஜ்ஜுக்குப் புறப்படும் முதியவர் ஒருவருக்கு, தான் யாருடைய விமானத்தில் ஏறுகிறோம் என்பது தெரிந்திருக்குமா?

சுரபாயாவிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். பெரும்பகுதி கடல். இன்றைய செய்மதி வழிகாட்டி அன்று கிடையாது. டொப்ளர் என்ற கருவி கீழ்நோக்கி வானொலி அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து விமானத்தின் வேகத்தையும் காற்று அதைத் தள்ளும் திசையையும் கணிக்கும். அதிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கிடுவார்கள். சிறு பிழையும் மணிக்கணக்கில் சேர்ந்து பெரிதாகும். கூடவே, மழைமேகத்தைக் காட்டும் ரேடாரின் திரையில் கரையோரமும் தெரியும். அதைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அன்று அந்தக் கணக்குத் தப்பியது. விமான நிலையம் கிட்டிவிட்டது என்று நினைத்து விமானிகள் இறங்கத் தொடங்கினார்கள். 2,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. கட்டுநாயக்கவின் சமவெளிக்கு மேலே அது ஆபத்தில்லாத உயரம். உண்மையில் விமான நிலையம் இன்னும் சுமார் 40 கடல்மைல் மேற்கே இருந்தது. கீழே இருந்தவை எங்கள் மலைகள். ஐந்தாவது கன்னியின் மேல், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,355 அடி உயரத்தில் விமானம் மோதியது. பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்றும், தவறாகப் புரிந்துகொள்ள இடமளிக்கும் டொப்ளரையும் வானிலை ரேடாரையும் நம்பியதால் இருக்கும் இடத்தைத் தவறாக எண்ணிவிட்டார்கள் என்றும் விசாரணை சொன்னது.

சத்தம் கேட்டு மண்சரிவு என்று நினைத்ததாக என் அப்பா சொல்வார். மறுநாள் மலையேறியவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. “செருப்பு, துணி, தஸ்பீஹ் மணி எல்லாம் மரத்துல தொங்குச்சு” என்பதோடு நிறுத்திவிடுவார். பெரும்பாலான உடல்களை யாருடையவை என்று கண்டறிய முடியவில்லை. மலையடிவாரத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவர்களுக்காக ஒரு நினைவுக்கல்லும் உண்டு.

மலையேறிய அந்தக் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1974 தோட்டங்களில் பஞ்ச காலம். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு, வேலை நாட்கள் குறைவு. இறப்பு விகிதம் ஏறிய ஆண்டு அது. அந்த ஜனவரியில்தான் சிறிமாவோவும் இந்திரா காந்தியும், 1964 ஒப்பந்தத்தில் முடிவாகாமல் விடப்பட்ட 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்த நாட்டுக் குடிமக்கள் என்று உறுதியில்லாத பசித்த மனிதர்கள், பெயர் தெரியாத யாத்திரிகர்களைப் பொறுக்கி எடுத்து அடக்கம் செய்தார்கள். விமானத்துக்குப் பயணிகள் பட்டியல் ஒன்று இருந்தது. அந்த வருடம் எங்கள் லயங்களில் பட்டினியால் செத்தவர்களின் பெயர்ப் பட்டியலை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான்கு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15 இரவு, ஹஜ் முடித்துத் திரும்பும் இந்தோனேசியர்களை ஏற்றி வந்த இன்னொரு டிசி-8 கட்டுநாயக்கவுக்கு அருகே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. அதுவும் கருடாவுக்காக வாடகைக்கு வந்ததுதான், ஐஸ்லாந்தின் லொஃப்ட்லைடிர் நிறுவனத்தின் விமானம். 262 பேரில் 183 பேர் இறந்தனர்.

மார்ட்டின்எயார் தொடர்ந்து வளர்ந்தது. 1992 டிசம்பர் 21இல் அதன் டிசி-10 ஒன்று புயல் மழைக்குள் போர்த்துக்கலின் ஃபாரோவில் இறங்கும்போது நொறுங்கியது. 340 பேரில் 56 பேர் இறந்தார்கள். அது அசல் உல்லாசப் பயணம், நத்தார் விடுமுறைக்குப் போனவர்கள். 2008 முடிவில் கேஎல்எம் நிறுவனம் மார்ட்டின்எயாரை முழுமையாக வாங்கியது. 2011 அக்டோபரோடு பயணிகள் சேவை நின்றது. அதன் பிறகு சரக்கு மட்டும்.

அன்று மலையேறியவர்களில் பலர் அடுத்த சில வருடங்களில் தலைமன்னார் வழியாகக் கப்பலேறினார்கள். சிலர் 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போய், அங்கேயும் இடம்பெயர்ந்தார்கள். என் பெரியப்பா குடும்பம் கூடலூரில் தேயிலை பறிக்கப் போனது. பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. போன மாதம் தொலைபேசியில் பேசும்போதும் கேட்டார், “அந்த டயரு இன்னும் நோர்ட்டன்லயா இருக்கு?” இருக்கிறது என்றேன். ஐந்தாவது கன்னியா, ஆறாவதா என்று அடுத்துக் கேட்டார். ஐந்தாவது என்றேன்.