நத்தார்க் கிண்ணமும் கரும்புத் தோட்டமும்

நத்தார் விருந்தில பெரிய கிண்ணம் ஒன்றுக்குள்ள அன்னாசிச் சாறு, தேசிக்காய், சீனி, கொஞ்சம் றம் எல்லாம் கலந்து வைத்தால் அதுக்குப் பெயர் பஞ்ச். "வெப்பமண்டலச் சுவை" எண்டு சொல்லி விற்கிறார்கள். அந்தச் சுவையைத் தேடிப் போனால் கப்பலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும்தான் போய்ச் சேருவோம்.

ஹிந்தியில ஐந்தைக் குறிக்கும் "பாஞ்ச்" என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். சாராயம், சீனி, தேசிக்காய், தண்ணீர், வாசனைச் சரக்கு என்று ஐந்து சாமான். வேறு விளக்கங்களும் இருக்கு. ஆனால் 1632இல் கிழக்கிந்தியக் கம்பனிக்காரர் இந்தியாவில எழுதிய கடிதம் ஒன்றிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. அப்ப அவர்கள் கலந்தது றம் இல்லை, கள்ளிலிருந்தும் கரும்புப் பாகிலிருந்தும் வடிச்ச ஆசியச் சாராயம். எங்கட பக்கத்துச் சரக்குத்தான் முதலில கிண்ணத்துக்குள்ள போயிருக்கு.

1655இல் ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து ஜமேக்காவைப் பிடித்தார்கள். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்பு வெட்டினார்கள். சீனி எடுத்த பிறகு மிஞ்சின பாகிலிருந்து றம் வந்தது. சாராயத்தின் இடத்தை றம் பிடித்தது. கரிபியன் கணக்கு இன்றைக்கும் இலேசானது: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, றம் மூன்று, தண்ணீரோ பழச்சாறோ நான்கு. கோப்பையால அளந்தால் பத்துக் கோப்பை வரும். நாற்பது பேருக்கு எண்டால் எல்லாவற்றையும் நாலு மடங்காக்கினால் சரி, ஆளுக்கு ஒரு கோப்பை. மேலே கொஞ்சம் சாதிக்காய்த் தூள். இந்த வகைக்கு அங்கே வழங்கும் பெயர் "தோட்டத்துரை பஞ்ச்". வெட்டினவர்களின் பெயரில எதுவும் இல்லை.

அவர்களுக்கும் ஒரு நத்தார்ப் பானம் இருந்தது, இருக்கிறது. "சொறல்" என்பார்கள். செவ்வரத்தை இனத்துப் புளிச்சைச் செடியின்ர சிவந்த புல்லிகளை இஞ்சியோட கொதிநீரில ஓரிரவு ஊறவைத்து, வடித்து, சீனியும் றம்மும் சேர்ப்பார்கள். செடி ஆபிரிக்காவிலிருந்து போனது. அறுவடை வருவதே நத்தாரை ஒட்டித்தான்.

அடிமைகளுக்கு வருசத்தில கிடைச்ச சில லீவு நாட்களில நத்தாரும் ஒன்று. கூடிக் கதைக்க அந்த நாட்கள்தான் வாய்ப்பு. 1831இல் சாம் ஷார்ப் என்ற பப்டிஸ்ற் போதகர் அதைப் பயன்படுத்தினார். அவரும் அடிமைதான். கூலி தராவிட்டால் லீவு முடிய வேலைக்குத் திரும்புவதில்லை என்பதே திட்டம். டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டம் எரிந்தது. அறுபதினாயிரம் பேர் வரை எழுந்தார்கள் எண்டு மதிப்பிடுகிறார்கள். அடக்கின பிறகு முந்நூறு பேருக்கு மேல் மரணதண்டனை. 1832 மே மாதம் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருசமே பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நட்டஈடாக 2 கோடி பவுண் ஒதுக்கினார்கள், அதுவும் உடைமைக்காரருக்கு. உழைச்சவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. முழு விடுதலை 1838இல்தான் வந்தது.

கதை அங்கே முடியவில்லை. விடுதலைக்குப் பிறகு மேற்கிந்தியக் கோப்பி விழ, இலங்கைக் கோப்பி எழுந்தது. 1837இல் இங்கே வந்த ரொபேர்ட் போய்ட் டைட்லர் ஜமேக்காவில கோப்பி பயின்ற துரை. அந்த முறைதான் எங்கட மலைகளில பரவினது. அதுக்குக் கூலியாகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர்கள் மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் கனபேர். "துரை" என்ற சொல்லை மலையகத்தில எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே இந்த நத்தாருக்குப் பஞ்ச் கலக்கிறவர்கள் தாராளமாகக் கலவுங்கோ. றம் இல்லாமலும் நல்லாயிருக்கும். கிண்ணத்தைச் சுற்றி நிற்கிறவர்களுக்கு சாம் ஷார்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ.