ஒரு தாள் பிறந்த கதை

1985 நவம்பர் 14. போதைப்பொருள் கடத்தலை ஒடுக்கப் புதிய சட்டம் இந்தியாவெங்கும் அமலுக்கு வந்தது. பல குற்றங்களுக்குக் குறைந்தபட்ச தண்டனையே 10 ஆண்டு சிறை. கடத்தல்காரர்களைப் பிடிக்க விரித்த அந்த வலையில், புற்றுநோயாளிகளின் வலியைத் தணிக்கும் மார்ஃபினும் சிக்கிக்கொண்டது.

மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபினைப் பரிந்துரைத்தது. அபினை விளைவித்து ஏற்றுமதியும் செய்த நாட்டில் அந்த மருந்துக்குப் பஞ்சம் வந்தது! சட்டம் ஒன்றுதான், விதிகளை அந்தந்த மாநிலம் எழுதியது. வைத்திருக்க ஓர் உரிமம், மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர வேறு உரிமங்கள். கலால் துறையில் ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகும். சிறைக்கு அஞ்சிய மருந்தகங்கள் மார்ஃபினையே கைவிட்டன. 1997-ல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்டது வெறும் 18 கிலோ. ஆனால் கேரளத்தின் கோழிக்கோட்டில் சிலர் அடங்கவில்லை.

அங்கே மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் வலி தணிப்பு மையம் தொடங்கியிருந்தார்கள். நோயாளிகள் மார்ஃபினை வீட்டுக்கே எடுத்துப்போனார்கள். அது கள்ளச்சந்தைக்குப் போகாதா? அந்த அச்சத்துக்கு ராஜகோபால் குழுவினர் கணக்கோடு பதில் சொன்னார்கள். இரண்டாண்டுகளில் 1,723 நோயாளிகள். மருந்து தவறான கைக்குப் போனதாக ஒரு நிகழ்வுகூடத் தென்படவில்லை. 2001-ல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது.

அதற்கு முன்பே, 1998-ல், விதிகளை எளிதாக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு மாதிரி விதி அனுப்பியிருந்தது. கேரளம் ஏற்றுக்கொண்டது, 2008-ல் வலி தணிப்புக்கென்றே அரசுக் கொள்கையும் வகுத்தது. பல மாநிலங்களில் கோப்பு அசையவே இல்லை. ஒரே நோய், ஒரே வலி; நிவாரணத்தைத் தீர்மானித்தது நோயாளி வாழ்ந்த மாநிலம். இதைவிடக் கொடிய ஏற்றத்தாழ்வு உண்டா? 2007-ல் இது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2011-ல் 1985 சட்டத்தைத் திருத்தும் மசோதா மக்களவைக்கு வந்து, அங்கேயே தேங்கியது.

2014 பிப்ரவரி. தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தொடர். தெலங்கானா மாநிலப் பிரிப்பு அமளியில் அவைக்குள் மிளகுப்பொடித் திரவம்கூடப் பீய்ச்சப்பட்டது. அவை கலைந்தால் மசோதாவும் காலாவதி. 20-ம் தேதி மக்களவை நிறைவேற்றியது. கூட்டத்தொடரின் கடைசி நாளான 21-ல் மாநிலங்களவையும் ஒப்புதல் தந்தது.

அந்தத் திருத்தத்தின்படி 2015 மே மாதம் புதிய விதிகள் வெளியாயின. மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே விதி. அத்தனை உரிமங்களையும் ஒழித்து வந்தது, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வழங்கும் ஒரே ஒரு தாள்: 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற சான்றிதழ். அதற்கு விண்ணப்பிக்காத மருத்துவமனைகள் இன்னும் ஏராளம்.